ஆங்கிள் வேலிக்கால்: கால் சாயாமல், கம்பி தளராமல் இருக்க

புதிதாகத் தோட்டம் வாங்கியவர்கள் வேலி என்றதும் முதலில் கேட்பது "எந்தக் கம்பி நல்லது?" என்றுதான். கம்பியில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. வேலி கெடுவது காலில். அதுவும் பெரும்பாலும் மூன்று இடங்களில்: கால் மண்ணைத் தொடும் இடம், கம்பி காலைத் தொடும் இடம், அப்புறம் மூலைக்கால். இந்த மூன்றையும் யோசித்துக் கால் செய்துவிட்டால், சாதாரண முள்கம்பியே நெடுநாள் நிற்கும்.

கல்கால் நல்லதுதான், ஆனால் டிராக்டர் ஒரு தடவை இடித்தால் முறிந்துவிடும். சிமெண்ட் காலில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கினால் கால் பிளந்துகொள்ளும். இரும்பு ஆங்கிள், அதாவது எல் வடிவ இரும்புச் சட்டம், வளையும்; நிமிர்த்திக்கொள்ளலாம், எடுத்து வேறு இடத்தில் நடலாம், கடைசியில் எடைக்கும் போடலாம். அதனால் இங்கே ஆங்கிளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்திருக்கிறீர்கள், ஊரில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது, வேலி வேலை இதுவரை செய்ததில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லாக் காலும் ஒரே வேலையைச் செய்வதில்லை

வேலியில் இரண்டு வகைக் கால் உண்டு. மூலையிலும் முனையிலும் நிற்பவை கம்பியின் இழுப்பைத் தாங்குகின்றன. நடுவில் வரிசையாக நிற்பவை கம்பியை அதனதன் உயரத்தில் வைத்திருக்கின்றன. மாடு சாய்ந்தால், ஆள் ஏறினால் அந்தத் தள்ளலைத் தாங்குகின்றன. நடுக்காலுக்கு நீளவாக்கில் இழுப்பே வரக்கூடாது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வடிவமைப்பு முடிந்தது. நடுக்காலில் கம்பி மேலும் கீழும் நகரக்கூடாது, காலை விட்டு வெளியேயும் வரக்கூடாது. ஆனால் நீளவாக்கில் கொஞ்சம் வழுக்கிப் போக வழி இருக்க வேண்டும். ஒரு தென்னை மட்டை கம்பி மேல் விழுகிறது. கம்பி வழுக்கினால் அந்த அதிர்ச்சி பல கால்களைத் தாண்டிப் பரவிவிடும். ஒவ்வொரு காலிலும் முறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தால் பக்கத்து இரண்டு கால்கள் மட்டும் வாங்கிக்கொண்டு வளையும், அல்லது கட்டு அறும். "டைட்டா கட்டியாச்சு சார்" என்று வேலை செய்பவர் பெருமையாகச் சொல்வது நடுக்காலுக்குப் பொருந்தாது.

எந்த அளவு ஆங்கிள்

பட்டறைக்காரர் வழக்கமாக 35×35×5 அல்லது 40×40×5 சொல்வார், விலை குறைவு என்பதால். முதல் இரண்டு எண்ணும் எல்லின் இரண்டு பக்க அகலம், கடைசி எண் கனம், எல்லாம் மி.மீ.யில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரைக்கு மேல் 1.4 மீட்டரில், அதாவது மேல் கம்பி இருக்கும் உயரத்தில், ஒருவர் வேலியைத் தள்ளுகிறார். சாதாரண இரும்பில் செய்த ஆங்கிள் நிரந்தரமாக வளைய எவ்வளவு தள்ளல் போதும்? தோராயமாக, 35×35×5-க்கு 25 கிலோ. 40×40×5-க்கு 35 கிலோ. 50×50×5-க்கு 55 கிலோ. 50×50×6-க்கு 65 கிலோ. மாடு ஒன்று கழுத்தைத் தேய்த்தாலே 50 கிலோ எளிதாக வந்துவிடும்.

எடையையும் பாருங்கள். 40×40×5 ஒரு மீட்டருக்கு 3 கிலோ, 50×50×5 ஒரு மீட்டருக்கு 3.8 கிலோ, 50×50×6 என்றால் 4.5 கிலோ. 40-லிருந்து 50-க்குப் போனால் இரும்பின் எடை கால் பங்குதான் கூடுகிறது. வலு பாதிக்கு மேல் கூடுகிறது. இரும்புக்குக் கொடுக்கும் காசில் இதைவிட லாபமான மாற்றம் வேறு கிடையாது. அகலம் வளையாமல் காக்கும், கனம் துருவுக்குத் தாக்குப்பிடிக்கும். அதனால் நடுக்காலுக்கு 50×50×5, மூலைக்கும் முனைக்கும் 65×65×6 என்பது என் சிபாரிசு. 5 மி.மீ.க்குக் குறைந்த கனத்தில் எதையும் வாங்காதீர்கள்.

வாங்கும்போது எடை போடாமல் வாங்கக்கூடாது. 50×50×5 ஆங்கிள் 6 மீட்டர் நீளம் 23 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 19, 20 கிலோ காட்டினால் கனத்தில் குறைத்திருக்கிறார்கள். ஐ.எஸ். 2062 (இரும்புக்கான இந்தியத் தரநிர்ணயம்) முத்திரை உள்ள இரும்பு கிடைத்தால் நல்லது. பழைய இரும்பைச் சூடாக்கி மறுபடி உருட்டியது மலிவாகக் கிடைக்கும். டிரில் போடும்போதே ஒரு இடம் கெட்டியாகவும் ஒரு இடம் மெத்தென்றும் இருப்பது தெரிந்துவிடும்.

சதுரக் குழாய் பார்க்க அழகு, வலுவும் அதிகம். ஆனால் உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே தெரியாமல் உள்பக்கத்திலிருந்து அரித்துவிடும். ஆங்கிளில் எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும், பெயிண்ட் அடிக்கக் கை போகும். குழாய்தான் வேண்டும் என்றால் மேலே மூடி வைத்து முழுக்க வெல்டு செய்யுங்கள்.

நீளம், வெட்டு, வால்

ஆங்கிள் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஒன்றை மூன்றாக வெட்டினால் 2 மீட்டர் கால் மூன்று, துண்டு விழாது. 1.5 மீட்டர் வெளியே, அரை மீட்டர் உள்ளே. செம்மண்ணுக்கு இது போதும். 7 அடிக் கால் வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒவ்வொரு நீளத்திலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் மிச்சம் விழும். அதை முட்டுக்காலுக்கு (மூலைக்காலைத் தாங்கச் சாய்வாக நிறுத்தும் கால்) பயன்படுத்தத் தெரிந்தால் மட்டும் அப்படி வெட்டுங்கள்.

ஏக்கர் கணக்கில் தெரிய வேண்டுமென்றால்: சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு ஏறக்குறைய 254 மீட்டர். 3 மீட்டருக்கு ஒரு கால் என்றால் 85 கால். நிலம் நீளவாக்கில் இருந்தால் அதே ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு கூடும், அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

காலின் அடியில் வால் பிளக்க வேண்டும். அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்துக்கு ஆங்கிளின் முதுகு மடிப்பில் வெட்டி, இரண்டு பக்கத்தையும் எதிரெதிராக வெளியே வளைப்பது. அது சிரமம் என்றால் 12 மி.மீ. கம்பி 20 செ.மீ. துண்டு ஒன்றை அடியில் குறுக்கே வெல்டு செய்யச் சொல்லுங்கள். இது இல்லாத கால், கான்கிரீட்டுக்குள் வழவழப்பான ஆணி மாதிரி நிற்கும். தள்ளத் தள்ளச் சுழன்று பிடிப்பு விட்டுவிடும். செலவு அற்பம், ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் செய்வதில்லை.

கம்பியைப் பிடிக்கும் இடம்

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், ஆங்கிள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? ஆங்கிளுக்கு இரண்டு இறக்கை. ஒரு இறக்கை வேலியின் கோட்டோடு இணையாக இருக்கட்டும். கம்பி அதன் தட்டையான முகத்தில் படிந்து போகும். இன்னொரு இறக்கை கம்பி இல்லாத பக்கம் நீட்டிக்கொண்டு, தள்ளலுக்கு எதிராக முட்டுக் கொடுக்கும். கம்பி எந்தப் பக்கம்? தள்ளும் விலங்கு இருக்கும் பக்கம். உள்ளே உங்கள் மாடு மேய்கிறது என்றால் கம்பி உள்பக்கம். வெளியிலிருந்து பன்றி வருகிறது என்றால் கம்பி வெளிப்பக்கம். அப்போதுதான் தள்ளல் கம்பியிலிருந்து நேராக இரும்பின் மேல் விழும். மாறிப்போனால் ஒவ்வொரு தள்ளலையும் ஒரு சின்னக் கட்டுக்கம்பி தாங்க வேண்டியிருக்கும். வேலி பிய்ந்து தொங்குகிற பல தோட்டங்களில் காரணம் இவ்வளவுதான்.

அடுத்தது, பிடிமானம். பட்டறையில் மூன்று வழி சொல்வார்கள்.

ஒன்று, ஆங்கிளின் ஓரத்தில் வெட்டுக் கொடுத்து அதில் கம்பியை உட்கார வைப்பது. வேண்டாம். இறக்கையின் ஓரம்தான் வளைவின்போது அதிக விசை வாங்கும் இடம். அங்கே வெட்டினால் முறிவுக்கு நீங்களே தொடக்கம் போட்டுக் கொடுத்தது போல.

இரண்டு, 6 மி.மீ. கம்பியில் கொக்கி செய்து வெல்டு வைப்பது. கால் முழுவதும் செய்து முடித்த பிறகு துத்தநாகப் பூச்சுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் இது சரி. ஏற்கெனவே பூச்சு போட்ட ஆங்கிளில் வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போகும். அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது. முதல் மழையிலேயே ஒவ்வொரு கொக்கியின் கீழும் செம்மண் நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருக்கும்.

மூன்று, துளை. நான் சொல்வது இதைத்தான், ஆனால் வழக்கமான ஒற்றைத் துளை இல்லை. ஒவ்வொரு கம்பிக்கும் 6 மி.மீ. (பட்டறைக் கணக்கில் 2 நூல்) துளை இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக, 20 மி.மீ. இடைவெளியில். 10 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சுள்ள) கம்பியை 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி லாடம் போல வளைத்துக்கொள்ளுங்கள். முள்கம்பியை அணைத்தபடி லாடத்தை முன்பக்கமிருந்து இரண்டு துளைக்குள்ளும் செலுத்தி, பின்பக்கம் வந்த முனைகளில் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் மடக்கிவிடுங்கள். முறுக்கு வேண்டாம். லாடத்துக்கும் முள்கம்பிக்கும் நடுவே ஒன்றிரண்டு மி.மீ. இடம் இருக்கட்டும். கம்பி மேலே கீழே போகாது, வெளியே வராது, நீளவாக்கில் வழுக்கும். நாளைக்குக் கம்பி மாற்ற வேண்டுமென்றால் முனையை நிமிர்த்தினால் போதும்.

கட்டிட வேலைக்கு வாங்கும் கறுப்புக் கட்டுக்கம்பியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதற்குப் பூச்சே கிடையாது. வேலியில் மற்ற எல்லாம் நன்றாக இருக்க, 20 கேஜ் கட்டுக்கம்பி துருப்பிடித்து உதிர்ந்து கம்பி கீழே கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஐந்து கம்பி வேலிக்கு, தரையிலிருந்து 20, 45, 75, 105, 140 செ.மீ. உயரங்கள் மாட்டுக்கும் ஆளுக்கும் போதும். ஆடு, நாய் என்றால் கீழே நெருக்கி ஏழு கம்பி: 15, 30, 45, 65, 85, 110, 140. எல்லாத் துளையையும் காலின் மேல்முனையிலிருந்து அளக்க வேண்டும், அடியிலிருந்து அல்ல; வால் பிளந்த பிறகு அடி அளவு ஒவ்வொன்றிலும் மாறும். ஒரு தட்டைப் பட்டையில் துளை போட்டு அச்சு ஒன்று செய்து, அதை ஒவ்வொரு ஆங்கிளிலும் வைத்துக் குறியுங்கள். ஐந்து கம்பி, 85 கால் என்றால் 850 துளை. கை டிரில்லில் முடியாது. பஞ்சிங் மெஷின் இருக்கும் பட்டறையாகப் பாருங்கள். கேஸ் கட்டரில் துளை ஊதித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓரம் ரம்பமாக இருக்கும், லாடத்தின் பூச்சை அறுக்கும். தரைக்கு மேல் முதல் 10 செ.மீ.யில் எந்தத் துளையும் போடக்கூடாது. காலில் அதிக விசை வருவதும் அதிகத் துரு வருவதும் அங்கேதான்.

வெளிநாட்டுக் கால்களும் இதே சிக்கலைத்தான் தீர்க்கின்றன. அமெரிக்கப் பண்ணைகளில் டி வடிவ இரும்புக்காலில் வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். கம்பி குமிழ்களுக்கு நடுவே உட்கார, ஒரு கிளிப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் மூன்று இறக்கை கொண்ட கால், துளையோடு வரும். இரண்டையும் கான்கிரீட் இல்லாமல் அடித்தே இறக்குகிறார்கள். நம் பக்கம் சுக்கான்பாறை மேலேயே தட்டுப்படும் நிலங்களில் அந்த வேலை நடக்காது.

மூலைக்கால்

நடுக்காலை மிச்சப்படுத்தினாலும் பரவாயில்லை, இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரு முள்கம்பியை 70 கிலோ இழுப்பில் கட்டுகிறோம் என்று வைப்போம். ஐந்து கம்பிக்கு 350 கிலோ. மேலே சொன்ன உயரங்களின் சராசரி 77 செ.மீ. இந்த இழுப்பில் 50×50×6 ஆங்கிள் தனியாக நின்றால் தாங்குவது மூன்றில் ஒரு பங்குதான். 65×65×6 கூடப் பாதிக்குச் சற்றே மேல். ஆகவே ஆங்கிளைப் பெரிதாக்கி மூலையைக் காப்பாற்ற முடியாது. முட்டுக்கால் வேண்டும்.

முட்டுக்கால் கம்பி போகும் அதே கோட்டில், கம்பி இருக்கும் பக்கமே வர வேண்டும். மூலைக்காலில் 1.1 மீட்டர் உயரத்தில் தொட்டு, 45 பாகைச் சாய்வில் இறங்கி, தனிக் குழியில் கான்கிரீட்டுக்குள் முடிய வேண்டும். 40×40×5 இதற்குப் போதும். இணைப்பை 12 மி.மீ. போல்ட்டில் செய்யுங்கள். இரண்டு வேலி சேரும் மூலையில் இரண்டு முட்டுக்கால், கோட்டுக்கு ஒன்று. நடுவே மூலைவிட்டமாக ஒன்று வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இழுத்தால் போதும். நிஜத்தில் ஒரு பக்கம் இன்றைக்கு, மறுபக்கம் அடுத்த வாரம்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முட்டுக்கால் மூலைக்காலைத் தாங்கும்போதே அதை மேலே தூக்கவும் செய்கிறது. நம் கணக்கில் அந்தத் தூக்கல் ஏறக்குறைய 245 கிலோ. நடுக்காலுக்கு வெட்டும் 30×30×60 செ.மீ. குழியின் கான்கிரீட் எடை 130 கிலோதான். அதே குழியில் மூலைக்காலை நட்டால், நாளடைவில் கட்டியோடு சேர்ந்து மேலெழும்பும். 45×45×60 செ.மீ. குழி என்றால் கான்கிரீட் 290 கிலோ, நிற்கும். மத்தியப் பொதுப்பணித்துறையின் முள்வேலிக்கான அளவும் 45×45×60 தான். நேர்க்கோட்டில் ஒவ்வொரு 15-வது காலுக்கும் இரண்டு பக்கமும் முட்டு வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி. 3 மீட்டர் இடைவெளியில் அது 45 மீட்டருக்கு ஒன்று. நல்ல விதி, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முனைக்காலில் கம்பியைக் கட்டுவது எப்படி? ஆங்கிளைச் சுற்றி வளைத்துக் கட்டினால் கூர்மையான ஓரத்தில் கம்பி மடங்கிப் பூச்சு உரியும். 12 மி.மீ. ஐ போல்ட், 15 செ.மீ. மரை உள்ளதாக, கம்பிக்கு ஒன்று வாங்குங்கள். வேலிக் கோட்டுக்குக் குறுக்கே நிற்கும் இறக்கையில் 14 மி.மீ. துளை போட்டு, போல்ட்டை அதில் நுழைத்து, கம்பியை அதன் வளையத்தில் மாட்டித் தன் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். பின்னால் நட்டைத் திருகினால் கம்பி இறுகும். ஓரிரு வருடம் கழித்துத் தளர்ந்தாலும் ஸ்பானர் எடுத்துத் திருகினால் முடிந்தது. மூலைக்கு ஆங்கிள் பொருத்தமாக அமைவதைக் கவனியுங்கள்: இரண்டு இறக்கையும் செங்கோணத்தில் இருப்பதால் ஒவ்வொரு வேலிக் கோட்டுக்கும் குறுக்கே ஒரு இறக்கை தானாகவே கிடைக்கிறது.

செயின் லிங்க் வலை போடுவதாக இருந்தால் முனையில் 25×5 பட்டையை வலையின் கடைசிக் கண்களுக்குள் கோத்து, பட்டையைக் காலோடு போல்ட் செய்ய வேண்டும். வலையைத் தாங்க மேல், நடு, கீழ் என மூன்று இழுகம்பி வேண்டும். வலையை மட்டும் காலில் கட்டினால் பை மாதிரி தொங்கிவிடும்.

துரு

வரிசை முக்கியம்: வெட்டு, துளை, வெல்டு எல்லாம் முடிந்த பிறகுதான் ஹாட் டிப், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் பூச்சு. "அண்ணே, இதுக்கப்புறம் ஒரு துளைகூடப் போடக்கூடாது, எல்லாத்தையும் இப்பவே முடிச்சிருங்க" என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐ.எஸ். 4759-இன்படி 5 மி.மீ.யும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும். தடிமனில் சொன்னால் 85 மைக்ரான். கிலோக் கணக்கில் கூலி வாங்குவார்கள். கடலோரத்தில் நிலம் என்றால் இந்தச் செலவைத் தவிர்க்கவே முடியாது.

ஹாட் டிப் கட்டுப்படியாகாது என்றால் பெயிண்ட். கம்பி பிரஷ்ஷால் கறுப்புச் செதில் போகும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை, எனாமல் இரண்டு கை. செதில் மேலேயே அடித்த பிரைமர் செதிலோடு கழன்று வரும். கான்கிரீட்டுக்குள் போகும் பகுதிக்குப் பெயிண்ட் வேண்டாம். சிமெண்ட்டின் காரத்தன்மையே இரும்பைக் காக்கும், பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் கான்கிரீட்டின் மேல்மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ., மேலே 15 செ.மீ. அளவுக்குக் கூடுதலாகத் தார் பெயிண்ட் இரண்டு கை கொடுங்கள். ஈரமும் காற்றும் உரமும் சேரும் இடம் அது.

கம்பியின் பூச்சைச் சோதிக்க எளிய வழி உண்டு. போர்டோக் கலவைக்கு வாங்கும் மயில்துத்தம் வீட்டில் இருக்கும். பிளாஸ்டிக் டம்ளரில் கெட்டியாகக் கரைத்து, கம்பித் துண்டைத் துடைத்து ஒரு நிமிடம் அதில் வைத்து எடுத்துக் கழுவித் துடையுங்கள். கறுப்பாகப் படிந்து துடைத்தால் போய்விடும். மறுபடி ஒரு நிமிடம். துடைத்தும் போகாமல் செம்பு நிறம் பளபளவென்று ஒட்டிக்கொண்டால், துத்தநாகம் தீர்ந்து இரும்பு வெளியே வந்துவிட்டது என்று பொருள். இரண்டு கடையின் கம்பியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால் எது அதிக முறை தாங்குகிறது என்று தெரிந்துவிடும். வெட்டிய முனையில் எப்போதும் செம்பு தெரியும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நடுதல்

எல்லைக்கல்லும் புல வரைபடமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு பங்காளியோடு வாக்குவாதம் வேண்டாம்.

மூலைக்கால்களை முதலில் நட்டு, அவற்றுக்கு நடுவே நூல் கட்டி, நூலை ஒட்டி 3 மீட்டருக்கு ஒரு குழி. நடுக்காலுக்கு 30×30×60 செ.மீ.; அடியில் 10 செ.மீ. கலவை போட்டு அதன் மேல் காலை நிறுத்தினால் இரும்பின் முனை மண்ணைத் தொடாது. சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை. ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு ஏறக்குறைய மூன்று குழி வரும். தண்ணீரை அள்ளி ஊற்றிக் கஞ்சியாக்காமல், கடப்பாரையால் குத்திக் குத்தி இறக்குங்கள். தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்து, குச்சியால் முட்டுக் கொடுத்து ஒருநாள் விடுங்கள். கான்கிரீட்டின் தலை தரைக்கு மேல் 5 செ.மீ. வந்து, நாலாபக்கமும் சரிந்திருக்க வேண்டும். தரைமட்டத்தோடு நின்றால் காலைச் சுற்றிக் குட்டை கட்டும்.

கரிசல் மண்ணில் கதையே வேறு. மழையில் உப்பி, வெயிலில் பிளக்கும் மண் அது. ஆழமில்லாத குழியைக் காலோடு தூக்கி அசைத்துவிடும். 90 செ.மீ. ஆழம் போங்கள், அடியை மேலைவிட அகலமாக வெட்டுங்கள். அங்கே 2 மீட்டர் கால் போதாது. பாறை தட்டினால் 30 செ.மீ. துளை போட்டு சிமெண்ட் கலவையில் பதித்தால் போதும். பள்ளத்தில் நிற்கும் காலைக் கம்பிகள் மேலே தூக்கும், ஆகவே அதற்கு மூலைக்கால் அளவுக் குழி.

கம்பி இழுத்தல்

கான்கிரீட்டை ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆற வையுங்கள். அதுவரை கம்பியைத் தொட வேண்டாம். வேலை செய்பவர்கள் மறுநாளே இழுத்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள்.

சுருளைக் கடப்பாரையில் கோத்து இரண்டு பேர் நடந்தபடி பிரிக்க வேண்டும். பக்கவாட்டில் உருவினால் முறுக்கு விழும். தோல் கையுறை, கண்ணாடி கட்டாயம். ரேச்செட் புல்லர் கொண்டு இழுக்கும்போது கம்பியின் கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் அது சுருண்டு அடிக்கும் வேகம் பயங்கரம்.

70 கிலோ இழுப்பு வந்துவிட்டதா என்று மீட்டர் இல்லாமலே பார்க்கலாம். இரண்டு கால்களுக்கு நடுவே, 3 மீட்டர் இடைவெளியின் மையத்தில், 5 லிட்டர் தண்ணீர் நிரம்பிய கேனைத் தொங்கவிடுங்கள். கம்பி 5 செ.மீ.யை ஒட்டி இறங்கினால் சரி. 10 செ.மீ. இறங்கினால் பாதி இழுப்புதான் இருக்கிறது. 3 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் அளவுக்கு மீறி இழுத்துவிட்டீர்கள், தளர்த்துங்கள்.

வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். 100 மீட்டர் இரும்புக் கம்பி 25 பாகை வெப்ப வேறுபாட்டில் 3 செ.மீ. நீளும், சுருங்கும். உச்சி வெயிலில் விறைப்பாக இழுத்த கம்பி மார்கழி விடியற்காலையில் மூலைக்காலைப் பிடித்து இழுக்கும். காலை ஒன்பது, பத்து மணியோ மாலையோ சரியான நேரம். முள்கம்பி இரண்டு இழையாக முறுக்கப்பட்டிருப்பது இங்கே கொஞ்சம் உதவும், முறுக்கு சற்று விட்டுக்கொடுக்கும். ஆனால் அந்த இரட்டை இழை வந்தது வேறு காரணத்துக்காக: 1874-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோசப் கிளிட்டன் காப்புரிமை பெற்ற வடிவத்தில், முள் வழுக்கி ஓடாமல் பிடித்து நிறுத்தத்தான் இரண்டாவது இழை.

மேலிருந்து கீழாக இழுப்பதா, கீழிருந்து மேலா? முதலில் நடுக்கம்பி, அப்புறம் மேலும் கீழும் மாறிமாறி. எல்லாம் இழுத்து முடித்த பிறகே நடுக்கால்களில் லாடம் மாட்ட வேண்டும்.

காட்டு விலங்கும் மின்சாரமும்

பன்றி மேலே வராது, கீழே முட்டித் தூக்கும். கடைசிக் கம்பி தரையிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. வலை என்றால் அடியை ஒரு அடி மண்ணுக்குள் புதையுங்கள். யானைக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எந்தக் காலும் பொருட்டில்லை. அங்கே சோலார் மின்வேலி பற்றித்தான் யோசிக்க வேண்டும். அதற்குத் துடிப்பாக மின்சாரம் விடும் எனர்ஜைசர் கருவியும் காலுக்குக் கால் இன்சுலேட்டரும் வேண்டும். தமிழ்நாட்டில் காப்புக்காடுகளை ஒட்டிய நிலங்களில் மின்வேலிக்குப் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று 2023-இல் விதிகள் வந்திருக்கின்றன. வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு லைனிலிருந்து வேலிக்கு நேராகக் கரண்ட் கொடுப்பது குற்றம். யானையும் மனிதரும் செத்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

வேலி போட்ட பிறகு வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு சுற்று வாருங்கள். கையில் ஸ்பானர், கம்பி பிரஷ், துத்தநாகப் பெயிண்ட் சின்ன டப்பா, பத்துப் பதினைந்து லாடம். காலடியில் மண் ஏறி கான்கிரீட் தலையை மூடியிருந்தால் விலக்குங்கள். துரு தொடங்கிய இடத்தைத் தேய்த்துப் பெயிண்ட் வையுங்கள். தளர்ந்த கம்பிக்கு ஐ போல்ட்டைத் திருகுங்கள். வேலியில் படரும் கோவைக்கொடியை அறுத்துவிடுங்கள். இலைக்கூட்டம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், காற்று அடிக்கும்போது பாய்மரம் போல் முழு வேலியையும் தள்ளும்.